கொக்கின் இறகு எங்கே போனது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, பாவித்த கமரா ஒன்றும் 70-300 லென்ஸும் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் தலங்கம குளம், பெத்தகான ஈரநிலப் பூங்கா பக்கம் போய்ப் பறவைகள் எடுக்கிறேன். நேரில் பார்த்த வடிவு படத்தில் இல்லை, எல்லாம் சப்பென்று கிடக்கிறது. லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஸ்லைடர்களை இழுத்தால் அந்த நேரத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த நாள் பார்த்தால் கண் கூசுகிறது. கொக்கு, மீன்கொத்தி, யானை என்று மூன்று படங்களை எடிட் செய்வதற்கு முன்னும் பின்னுமாக அனுப்புகிறேன், எங்கே பிழை விடுகிறேன் என்று சொல்லுங்கள். இன்னொன்று, பிலிம் காலத்தில் படம் எடுத்த என் மாமா, எடிட் செய்த படம் எல்லாமே கள்ளப்படம் என்கிறார். உடவளவை யானைப் படத்தில் மின்வேலிக் கம்பியை அழித்ததைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். அது சரியா?"

தம்பி, மூன்றையும் பெரிய திரையில் போட்டு ஆறுதலாகப் பார்த்தேன். படங்கள் மோசமில்லை, அந்த மீன்கொத்தியை நான் எடுத்திருந்தால் நாலு பேரிடம் காட்டிக்கொண்டு திரிந்திருப்பேன். எடிட்டில் நீங்கள் விடும் பிழை ஒன்றுதான், அதையே மூன்று படத்திலும் விட்டிருக்கிறீர்கள்: நோவு ஓரிடத்தில் இருக்க மருந்தை உடம்பு முழுக்கப் பூசுகிறீர்கள். கொக்கு வெளிறிக் கிடக்கிறது என்று முழுப் படத்துக்கும் கொன்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) ஏற்றுகிறீர்கள், மீன்கொத்தி இருட்டாக இருக்கிறது என்று வானத்தையும் சேர்த்து வெளிச்சமாக்குகிறீர்கள், யானையில் நிறம் போதாது என்று புல்லுக்கும் சாயம் அடிக்கிறீர்கள்.

கொக்கிலிருந்து தொடங்குவோம், அதில்தான் கதைக்க நிறைய இருக்கிறது. தலங்கம குளத்தில் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, நல்ல வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு. நீங்கள் கை வைக்காத படத்திலேயே அதன் முதுகு வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஒரு இறகின் கோடுகூடத் தெரியவில்லை. பாதிப் பிழை குளக்கரையிலேயே நடந்துவிட்டது. கமராவின் ஒளிமானிக்கு முன்னால் நிற்பது கொக்கா காகமா என்று தெரியாது, காட்சி மொத்தமாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சமாக வரவேண்டும் என்று மட்டும் கணக்குப் போடும். படத்தில் முக்கால்வாசி கரும்பச்சையாக இருந்தால், இருட்டாக இருக்கிறதே என்று ஒளியைக் கூட்டிவிடும். இலை சரியாக வரும், கொக்கு வெந்துபோகும், அதாவது ஒளி மிஞ்சி வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே இருண்ட பின்னணியில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை என்றால் கமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாங்கள் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் கொம்பென்சேஷனை மைனஸ் 1 பக்கம் இறக்கி எடுங்கள். அதே கொக்கு கிட்ட வந்து படம் முழுக்க நிறைந்து நின்றால் கதை தலைகீழ், கமரா வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது பிளஸ் பக்கம் போகவேண்டும். வெந்துபோன இடத்தை மினுக்கிக் காட்டுகிற ஹைலைட் எச்சரிக்கை உங்கள் கமராவிலும் இருக்கும், மெனுவில் தேடிப் போட்டுவையுங்கள். கொக்கின் முதுகு மினுங்கினால் இன்னும் கொஞ்சம் இறக்கி மறுபடி எடுங்கள், கொக்கு எப்படியும் அவசரப்படாது.

மற்றப் பாதிப் பிழை ஜேபெக்கில், அதாவது கமரா தானே சுருக்கித் தருகிற ஃபைலில் எடுத்தது. ஜேபெக் 8 பிட், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். கமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ ஃபைல் 14 பிட் என்றால் அதுவே 16,384 படி. ஜேபெக்கில் ஒரு இடம் உச்சப் படியான 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே எடுக்க ஒன்றுமே மிச்சமில்லை, வெளிச்சமான இடங்களை இறக்குகிற ஹைலைட் ஸ்லைடரை அடிமட்டம் வரை இழுத்தாலும் வெள்ளை சாம்பலாக மாறுமே தவிர இறகு திரும்பி வராது. உங்கள் கொக்கு எடிட்டுக்குப் பிறகு அழுக்காகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ரோவாக இருந்தால் லேசாக வெந்த இடத்தை ஓரளவு மீட்கலாம். மெமரி கார்ட் கெதியாக நிரம்பும் என்று தெரியும். அதற்குத்தான் பொறுக்கல். வீட்டுக்கு வந்ததும் கண் ஃபோகஸ் இல்லாதவை, தலை திரும்பியவை எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் அழியுங்கள், எடிட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, ரோ கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலில் தொடுவது நிறத்தின் அடர்த்தியைக் கூட்டுகிற சாச்சுரேஷன், நான் கடைசியில் தொடுவதும் அதுதான், பல படங்களில் தொடுவதே இல்லை. முதலில் வைட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. சுற்றிவரப் பச்சை நிறைந்த இடத்தில் ஓட்டோ வைட் பேலன்ஸ் அடிக்கடி தடுமாறும், மர நிழலுக்குள் எடுத்த பறவையின் நெஞ்சில் பச்சை ஏறியிருக்கும், டின்ட் ஸ்லைடரைக் கொஞ்சம் மஜெந்தா பக்கம் தள்ளினால் பாதி சப்பைத்தனம் அங்கேயே போய்விடும். சிங்கராஜ வனத்துக்குப் போனீர்களென்றால் இது இல்லாமல் ஒரு படமும் தேறாது. ஆனால் காலை வெயிலின் மஞ்சளைப் பிழை என்று நினைத்து வெளுக்கவேண்டாம், அந்த நேரத்துக்கு அந்த நிறம்தான். பிறகு எக்ஸ்போஷர் (முழுப் படத்தின் வெளிச்சம்), பிறகு ஹைலைட்டைக் கீழே, பிறகு படத்தின் வெள்ளை முனையான வைட்ஸ், கறுப்பு முனையான பிளாக்ஸ் இரண்டும். லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வைட்ஸை நகர்த்தினால் எந்த இடம் வேகத் தொடங்குகிறது என்று திரையில் தெரியும், ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்தி ஒரு அடி பின்னால் வாருங்கள். பிளாக்ஸுக்கும் அப்படியே. இந்த இரண்டு முனையும் சரியாக விழுந்தாலே நீங்கள் 'சப்பென்று' என்று சொல்கிற விஷயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் படத்தில் உங்களுக்குக் குறைந்திருந்தது நிறமல்ல, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான தூரம்.

இதற்குப் பிறகும் நிறம் வேண்டுமென்றால் சாச்சுரேஷனை விட்டுவிட்டு வைப்ரன்ஸைத் தொடுங்கள், அது ஏற்கனவே பளிச்சென்று இருக்கிற நிறத்தைப் பெரிதாகத் தொடாமல் மங்கலானதைத்தான் தூக்கும். உங்கள் தலங்கம இலைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அப்படியொரு பச்சை எங்கள் நாட்டில் எந்தக் குளத்திலும் இல்லை, ராத்திரி பெட்டிக்கடை பல்பில்தான் இருக்கிறது! அதைக் குறைக்க பச்சை ஸ்லைடரை இழுத்து, ஒன்றும் நடக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இலையின் நிறத்தில் பெரும்பங்கை மென்பொருள் மஞ்சளாகத்தான் எடுத்துக்கொள்ளும். நிறம் நிறமாகப் பிரித்துத் தருகிற பகுதியில் மஞ்சளின் சாச்சுரேஷனையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், குளம் பின்னால் போய்க் கொக்கு முன்னால் வரும். கொக்கில் நீங்கள் எதையுமே செய்யவில்லை, ஆனாலும் அது எழும்பி நிற்கும்.

பறவையை மட்டும் தொடவேண்டிய இடத்தில் மாஸ்க், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து எடிட் செய்வது. லைட்ரூமில் சப்ஜெக்டைத் தெரிவுசெய்கிற வசதி பறவையின் வெளிக்கோட்டை ஏறத்தாழப் பிடித்துத் தந்துவிடும். கால், அலகு நுனி, கலைந்த இறகு போன்ற இடங்களில் பிசகும், அதைத் தூரிகையால் நீங்களே திருத்தவேண்டும். திருத்தாமல் வெளிச்சத்தை ஏற்றினால்தான் உங்கள் மீன்கொத்தியைச் சுற்றி இருக்கிற மாதிரி ஒரு வெள்ளை வளையம் வரும். ஓரங்களை எடுப்பாக்குகிற கிளாரிட்டியை எல்லைமீறி ஏற்றினாலும் இதே வளையம்தான். மாதாமாதம் சந்தா கட்ட மனமில்லை என்றால் கட்டவேண்டாம், டார்க்டேபிள் முழுக்க இலவசம், பழக நாள் எடுக்கும், ஆனால் வேலையில் குறைவில்லை. கெனனும் நிக்கோனும் தங்கள் கமரா ரோவைத் திறக்க இலவசமாகவே மென்பொருள் தருகின்றன. ஃபோனில் என்றால் ஸ்நாப்சீட், அதில் செலெக்டிவ் என்கிற கருவியைக் கொக்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த இடத்தை மட்டும் கூட்டலாம் குறைக்கலாம்.

இனி மீன்கொத்தி. பெத்தகானவில் பட்ட கிளையில் உட்கார்ந்த வெண்மார்பு மீன்கொத்தி, நல்ல கோணம், கண்ணில் ஒளிப்புள்ளிகூட விழுந்திருக்கிறது. ஆனால் தூரத்தில் இருந்ததை வெட்டி வெட்டி 900 பிக்சலுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். உங்கள் கமரா 24 மெகாபிக்சல், 6000க்கு 4000. நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல். அதைப் பத்து அங்குல அகலத்துக்கு நல்ல தரத்தில் அச்சடிக்கலாம். 900 பிக்சல் என்றால் அதே தரத்தில் மூன்று அங்குலம், பாஸ்போர்ட் படத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஃபோனில் பார்க்கப் போதும், சுவரில் மாட்ட ஆசைப்படவேண்டாம். இன்னும் ஒன்று, பறவை இடது பக்கம் பார்க்கிறது, நீங்கள் இடது பக்கத்தை வெட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் இடம் விட்டிருக்கிறீர்கள். பார்க்கிற பக்கத்துக்கு இடம் விடுங்கள். உட்கார்ந்திருக்கும் கிளையையும் முழுதாக விட்டால் வாலுக்குக் கீழே மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அந்தப் படத்தில் மணல் தூவினதுபோல நொய்ஸ் இருப்பதற்கு ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கமரா காட்டுகிற உணர்திறன்) காரணமில்லை. நீங்கள் ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 400இல் இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டில் வந்து இரண்டு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை நான்கு மடங்கு தூக்கியதுதான் காரணம். பின்னால் தூக்கும்போது நிழலில் ஒளிந்திருந்த நொய்ஸும் சேர்ந்து எழும்பும். 1600இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்திருந்தால் இதைவிடச் சுத்தமாக வந்திருக்கும், ஐஎஸ்ஓவை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் ஷட்டரையும் 1/500க்கு மேலே வைத்திருக்கலாம், கை ஆட்டமும் குறைந்திருக்கும். முதலில் நொய்ஸைக் குறையுங்கள், பிறகு ஷார்ப்பனிங், அதுவும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, மாஸ்கிங்கை ஏற்றி, கண்ணும் அலகும் இறகும் மட்டும் கூர்மையாகிற மாதிரி. மங்கின பின்னணிக்கு ஷார்ப்பனிங் எதற்கு? செயற்கை நுண்ணறிவால் நொய்ஸ் நீக்குகிற, கூர்மையாக்குகிற கருவிகள் இப்போது கலக்குகின்றன, நானும் பாவிக்கிறேன், ஆனால் 900 பிக்சல் பறவையைக் கொடுத்தால் அது தெரியாத இறகைத் தானே வரைந்து தரும், வரைந்தது அந்தப் பறவையின் இறகாக இருக்கவேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மீன்கொத்தியின் முதுகில் நீலச் சாயம் என்று ஒன்றும் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டு ஒளி சிதறுவதால்தான் எங்களுக்கு நீலம் தெரிகிறது, அதனால் வெயில் படுகிற கோணத்தைப் பொறுத்து அது ஏற்கனவே பளீரென்று வந்துவிடும். அதன் மேல் சாச்சுரேஷனை ஏற்றினால் நீலம் மட்டும் தனியாக முட்டிப்போய் நிற்கும், வெளிச்சம் எங்கெங்கே எவ்வளவு என்று முழுப் படத்துக்கும் சேர்த்துக் காட்டும் வெள்ளை வரைபடமான ஹிஸ்டோகிராமில் ஒன்றும் தெரியாது, நீலக் கோட்டைத் தனியாகப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் படத்தில் முதுகு ஒரே நீலத் தகடாக நிற்பது அதனால்தான். வெளியில் போடும்போது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஏற்றுமதி செய்யுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் திரையில் நிறம் வேறு மாதிரி வரலாம். லப்டொப் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு இரவில் எடிட் செய்தால் அச்சில் படம் இருட்டாகத்தான் வரும், பாதியளவுக்குக் குறைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

எந்த எடிட்டும் காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது. உங்கள் கொக்குப் படத்தின் தகவலில் நேரம் காலை 10:40. அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேலே காற்று சூடாகி அலைபாயும், எவ்வளவு நல்ல லென்ஸ் என்றாலும் தூரத்துப் பறவை கரைந்துதான் விழும், ஷார்ப்பனிங் அந்தக் கரைசலைத்தான் கூர்மையாக்கும். ஆறரைக்கு அங்கே நில்லுங்கள், எட்டரைக்குத் திரும்பி வந்து சாப்பிடுங்கள். 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்று முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று, தலங்கமவும் பெத்தகானவும் தியசரு பூங்காவும் உங்களுக்கு பஸ் போகிற தூரம். யால தேசியப் பூங்காவுக்கு ஜீப்புக்குக் காசு கொடுத்துப் போனவருக்கு அன்று கிடைத்த வெளிச்சம்தான், உங்களுக்கு அதே கொக்கு அடுத்த ஞாயிறும் அங்கேயே நிற்கும்.

யானைக்கு வருவோம், மாமாவுக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சின்ன வேலைதான், மத்தியானப் புழுதி மூட்டத்துக்கு டீஹேஸ் கொஞ்சம் போதும், நீங்கள் அதை அள்ளிப் போட்டதில் வானம் கறுத்து யானை இரும்பில் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. காதோரத்திலும் தும்பிக்கையிலும் இருக்கிற அந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள் எங்கள் யானைகளுக்கு இயல்பாகவே வருவது, தோலில் நிறமி குறைந்த இடம். சாச்சுரேஷன் ஏறியதில் அது பச்சைப் புண் போலத் தெரிகிறது, பார்க்கிறவர்கள் யானைக்குக் காயம் என்று பதறப்போகிறார்கள். சிவப்பையும் செம்மஞ்சளையும் அந்த இடத்தில் மட்டும் இறக்கிவிடுங்கள்.

கம்பி விஷயம் அப்படி இல்லை. தணமல்வில வீதி ஓரமாக, மின்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற யானைகள் எதற்கு நிற்கின்றன என்று அந்தப் பக்கம் போன எல்லாருக்கும் தெரியும், போகிற வாகனங்களில் இருந்து பழம் விழும் என்றுதான். உங்கள் 'முன்' படத்தின் இடது ஓரத்தில் ஒரு வான் வண்டியின் ஜன்னலும் அதிலிருந்து நீளுகிற கையும் பாதி தெரிகிறது. 'பின்' படத்தில் கையை கிராப்பில் வெட்டியிருக்கிறீர்கள், கம்பியை அழித்திருக்கிறீர்கள், வீதியோரத்தில் பழத்துக்குக் காத்து நின்ற யானை இப்போது காட்டு நடுவில் தனியாக உலாவுகிறது. அது நடக்கவில்லை. இந்த ஒரு படத்தில் நான் உங்கள் மாமா பக்கம்.

மற்ற இரண்டில் இல்லை. எடிட் செய்யாத படம் என்று அவர் நினைக்கிற ஜேபெக்கை கமரா தானே எடிட் செய்துதான் தருகிறது, கொன்ட்ராஸ்ட், ஷார்ப்பனிங், நிறம் எல்லாம் யாரோ ஒரு பொறியியலாளர் முன்கூட்டியே தீர்மானித்தபடி. பிலிம் காலத்திலும் இருட்டறையில் ஒரு மூலையைக் கையால் மறைத்து வெளிறவைப்பார்கள், இன்னொரு மூலைக்குக் கூடுதலாக ஒளி விட்டுக் கறுக்கவைப்பார்கள், நீங்கள் மாஸ்க்கால் செய்வது அதேதான். இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1930களில் இதே கொழும்பில் இருந்துகொண்டு இருட்டறையில் ஒளியைத் தலைகீழாக்கியும் படங்களை ஒன்றோடொன்று சேர்த்தும் செய்யாத வித்தையா? அவர் அதைக் கலையாகக் காட்டினார், காட்டில் கண்ட காட்சி என்று சொல்லவில்லை. மாமாவிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கதை வேறு பக்கம் திரும்பும்.

போட்டிகளுக்கு அனுப்ப யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஒஃப் த இயர்' போன்ற பெரிய போட்டிகளில் கிராப், வெளிச்சம், நொய்ஸ் நீக்கம் எல்லாம் அளவாக ஏற்பார்கள், படத்தில் இருந்ததை அழிப்பதையும் இல்லாததைச் சேர்ப்பதையும் ஏற்கமாட்டார்கள், இறுதிச் சுற்றுக்கு வந்தால் ரோ போன்ற, கை படாத அசல் ஃபைலைக் கேட்பார்கள். எடிட் செய்த ஜேபெக் மட்டும் வைத்திருந்தால் அங்கே சிக்கல்தான். அந்தப் போட்டியில் பரிசு பறிபோன பிரபலமான இரண்டு சம்பவங்களும் எடிட்டால் வந்தவை இல்லை என்பதையும் மாமாவுக்குச் சொல்லலாம். 2009இல் வென்ற படத்தில் வேலிக் கதவைத் தாண்டுகிற ஓநாய் பழக்கப்பட்ட ஓநாய் என்றும், 2017இல் ஒரு பிரிவில் வென்ற படத்து எறும்புண்ணி பாடம் செய்யப்பட்ட உடல் என்றும் முடிவுசெய்துதான் இரண்டையும் நீக்கினார்கள். படத்தில் ஒரு பிக்சலையும் மாற்றாமலும் கள்ளப்படம் எடுக்கலாம்.

இன்னொரு விஷயம், சிலர் கவனிப்பதில்லை: கொம்போசிஷன் நன்றாக வருகிறது என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப்போடாதீர்கள். யாலவிலும் வில்பத்துவிலும் ஒவ்வொரு சிறுத்தையையும் புள்ளிகளின் அமைப்பை வைத்துத்தான் ஆள் அடையாளம் கண்டு கணக்கு வைக்கிறார்கள், இடது விலாவும் வலது விலாவும் ஒரே மாதிரி இருக்காது, நீங்கள் திருப்பிப்போட்ட படம் அவர்கள் கையில் போனால் இல்லாத சிறுத்தை ஒன்று பிறந்துவிடும். கூடு, குஞ்சு, பகலில் உறங்குகிற ஆந்தை இதெல்லாம் எடுத்தால் வெளியில் போடும்முன் ஃபைலில் உள்ள இடத் தகவலையும் நீக்கிவிடுங்கள், ஏற்றுமதி செய்கிற பெட்டியிலேயே அதற்கு ஒரு தெரிவு இருக்கும்.

யானைப் படத்தை மறுபடி செய்து அனுப்புங்கள். கிராப் செய்யாத அகலப் படத்தை எடுங்கள், டீஹேஸ் ஒரு பத்து, வானத்துக்கு மட்டும் ஹைலைட்டைக் கீழே, வண்டிக்குள் இருட்டாக இருக்கிற கைக்கு ஒரு மாஸ்க் போட்டு அரை ஸ்டொப் தூக்குங்கள், கம்பி இருக்கட்டும். நீளப்பக்கம் 2048 பிக்சல் போதும்.